ஜூன் 10-ல் பிறந்த அண்ணன்: அரசு வேலை விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம், பேச்சு வழக்கைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு எங்க பெரியம்மா பையன் போன் பண்ணினார். "டேய், ஒரு போட்டோவை அம்பது கேபிக்குள்ள சுருக்கணும். எப்படிடா?"

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். எங்க குடும்பத்துல அதுக்கு அர்த்தம் பிரிண்டர் மெக்கானிக், வைஃபை மெக்கானிக், போட்டோ சுருக்குறவன், எல்லாம் நான்தான். "அனுப்புங்கண்ணா, நான் பண்ணித் தர்றேன்"னு சொன்னேன். அப்புறம்தான் கேட்டேன், எதுக்கு போட்டோன்னு. அரசு வேலைக்கு அப்ளிகேஷன். இந்த முறை யுபிஎஸ்சி இல்லை, டிஎன்பிஎஸ்சி.

யுபிஎஸ்சி ஏன் இல்லைன்னு நான் கேட்கலை. காரணம் எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கு வயசு முடிஞ்சுபோச்சு. அதாவது, சர்டிபிகேட்ல முடிஞ்சுபோச்சு.

அண்ணன் பிறந்தது செப்டம்பர் மூணாவது வாரம். அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்ச கையோடன்னு பெரியம்மா இன்னிக்கும் சொல்வாங்க. ஆனா பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல இருக்கிற தேதி ஜூன் 10. உங்கள்ல பல பேருக்கு இது புரியும். ஒண்ணாம் வகுப்பு சேர்க்கும்போது ஐந்து வயசு நிரம்பியிருக்கணும். கிராமத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் குழந்தையோட வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுட்டா வயசு சரி. அண்ணன் தொட்டுட்டார். ஆனா காலண்டர்படி மூணு மாசம் குறையுது. "இன்னும் ஒரு வருஷம் வீட்ல வெச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க"ன்னு சொல்லி ஹெட்மாஸ்டரே ஒரு தேதி போட்டுட்டார். நல்ல மனசோட செஞ்ச காரியம். அந்தக் காலத்து அட்மிஷன் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தா, பாதி ஊரே ஜூன் மாசத்துலதான் பிறந்திருக்கும்.

சிவில் சர்வீசஸ் தேர்வுக்கு வயசு கணக்குப் பார்க்கிற நாள் ஆகஸ்ட் 1. உண்மையான பிறந்த நாள்படி அண்ணனுக்கு இன்னொரு முயற்சி பாக்கி இருந்தது. சர்டிபிகேட்படி இல்லை. யுபிஎஸ்சி அறிவிக்கையிலேயே தெளிவா இருக்கு: பத்தாம் வகுப்பு சான்றிதழில் உள்ள தேதிதான் செல்லும். ஜாதகமோ, பிரமாணப் பத்திரமோ, நகராட்சிப் பதிவோ கொண்டுவந்தா ஏத்துக்க மாட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் நேர்காணல் வரை போய் லிஸ்ட்ல வராம திரும்பினவர் அவர்.

நான் கொஞ்சம் கோபமாத்தான் இதைத் தேட ஆரம்பிச்சேன். யாருடா இந்த வயசுக் கட்டத்தை ஃபார்ம்ல வெச்சது? தேடிப் போனா, சரியா இதே பிரச்சினைல 1869-ல ஒருத்தர் லண்டன்ல மாட்டியிருக்கார். இன்னிக்கு எபிசோடு அவரைப் பற்றியும், அந்தக் கட்டத்தைப் பற்றியும்.

கொஞ்சம் பின்னாடி போகணும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தியாவில் அதிகாரி ஆக விண்ணப்பம், தேர்வு எதுவும் கிடையாது. லண்டனில் இருக்கும் கம்பெனி இயக்குநர் ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் உங்கள் மகனையோ மருமகனையோ 'ரைட்டர்' பதவிக்குப் பரிந்துரைப்பார். பரிந்துரைக்கப்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க 1806-ல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். 1809-ல் அது ஹெய்லிபரி என்ற இடத்துக்கு மாறியது. மக்கள்தொகைக் கோட்பாட்டுக்குப் பேர்போன மால்தஸ் அங்கே பேராசிரியர். கல்லூரி தரமானதுதான், ஆனா உள்ளே நுழைய வழி ஒண்ணுதான்: சிபாரிசு. இன்னிக்கு நாம ரெஃபரல்னு சொல்றோமே, அதேதான். என்ன, இங்கே ரெஃபரல் மட்டும்தான் இன்டர்வியூ.

1853-ல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்தச் சிபாரிசு முறையை ரத்து செய்தது. இனிமேல் போட்டித் தேர்வு. எப்படி நடத்தலாம் என்று அறிக்கை கொடுக்க ஒரு குழு. அதன் தலைவர் மெக்காலே. ஆமா, கல்விக் கொள்கை சண்டைல நாம அடிக்கடி இழுக்கிற அதே மெக்காலேதான்.

அதே சமயத்தில் பிரிட்டனின் உள்நாட்டு அரசுப் பணிக்கும் போட்டித் தேர்வு வேண்டும் என்று இன்னொரு அறிக்கை வந்தது. எழுதியவர்கள் நார்த்கோட், ட்ரெவெல்யன் இருவர். இந்த சார்லஸ் ட்ரெவெல்யன் மெக்காலேவின் தங்கை கணவர். சிபாரிசை ஒழித்த இரண்டு அறிக்கைகளும் ஒரே குடும்பத்திலிருந்து வந்தவை, அது ஒரு தமாஷ். அவர் நம்ம ஊருக்கும் வந்தார். 1859-ல் மதராஸ் கவர்னர். மேலிடம் கொண்டுவந்த வருமான வரித் திட்டத்தை எதிர்த்து எழுதி, அதைப் பத்திரிகையிலும் வெளியிட்டதால் 1860-ல் திருப்பி அழைக்கப்பட்டார். அவரைப் பற்றித் தனி எபிசோடு போடலாம், இப்ப வேண்டாம்.

தேர்வு வைத்து அதிகாரி எடுக்கும் யோசனை ஐரோப்பாவில் பிறந்ததல்ல. சீனாவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் நடந்திருக்கிறது, 1905-ல்தான் நிறுத்தினார்கள். சோங் வம்சக் காலத்திலேயே விடைத்தாளில் எழுதியவர் பெயரை மறைத்து ஒட்டிவிடுவார்களாம். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று, எழுத்தர்களை வைத்து ஒவ்வொரு விடைத்தாளையும் வேறு தாளில் நகலெடுத்து, நகலைத்தான் திருத்துபவரிடம் கொடுப்பார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின டேட்டா அனானிமைசேஷன். இதைப் படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுது, சத்தியமா.

மெக்காலேக்கு வருவோம். கோடிங் இன்டர்வியூவுக்குப் போனவங்க எல்லாரும் ஒருமுறையாவது கேட்டிருப்போம்: "வேலைல ஒருநாளும் லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பப் போறதில்லை, அப்புறம் ஏன்டா அதையே கேட்கிறீங்க?" இந்தக் கேள்விக்கு மெக்காலே 1833-லேயே நாடாளுமன்றத்தில் பதில் சொல்லியிருக்கிறார். பாடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்பது அவர் வாதம். பல்கலைக்கழகத்தில் ஜோசியம் சொல்லிக்கொடுத்தால்கூட, அதில் முதலில் வருகிற பையன் பொதுவாகக் கெட்டிக்காரனாகத்தான் இருப்பான் என்றார். அதாவது தேர்வு அறிவை அளக்கவில்லை, ஆளை அளக்கிறது. இன்றைய ஆப்டிட்யூட் டெஸ்ட்டின் தாத்தா இந்தப் பேச்சு.

கேட்க நல்லா இருக்கு. ஆனா மார்க் பட்டியலைப் பாருங்க. மெக்காலே குழு 1854-ல் பரிந்துரைத்ததில் கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. இந்தியாவில் வேலை செய்யப்போகிறவருக்கான தேர்வில் சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தமிழுக்கு, வங்காளிக்கு ஒன்றும் இல்லை. தேர்வு நடப்பது லண்டனில் மட்டும். பாடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றவர்கள், இங்கிலாந்துப் பள்ளிக்கூடப் பையன் ஏற்கெனவே படித்த பாடத்தையே வைத்தார்கள். முதல் தேர்வு 1855-ல் நடந்தது. வயது 18 முதல் 23 வரை.

இந்தியர்களுக்குச் சட்டப்படி தடை இல்லை. கப்பல் டிக்கெட் வாங்கி, கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளுவோம் என்கிற சொந்தக்காரர்களைச் சமாளித்து, லண்டனில் வருஷக்கணக்கில் தங்கி, லத்தீன் படித்து எழுதலாம். முதலில் எழுதி ஜெயித்தவர் சத்யேந்திரநாத் தாகூர், ரவீந்திரநாத்தின் அண்ணன். 1863-ல் தேறினார். கூடவே போன மனோமோகன் கோஷ் இரண்டு முறை எழுதியும் தேறவில்லை, பாரிஸ்டர் ஆனார். சத்யேந்திரநாத் தேறும்போது வயது வரம்பு 22-ஆகக் குறைந்திருந்தது. கொஞ்ச வருஷத்தில் 21 ஆனது.

இப்ப நம்ம ஆள். சுரேந்திரநாத் பானர்ஜி, கல்கத்தா. 1868 மார்ச்சில் மூன்று நண்பர்கள் ஒன்றாகக் கப்பல் ஏறினார்கள்: இவர், ரமேஷ் சந்திர தத், பிஹாரிலால் குப்தா. இவர் அப்பாவுக்குத் தெரிந்து போனார். மற்ற இரண்டு பேரும் வீட்டுக்குத் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்தவர்கள். பின்னால் ரமேஷ் தத் இந்தியப் பொருளாதார வரலாறு எழுதிப் பெரிய பெயர் வாங்கினார். ஆனா அந்த ராத்திரி அவர் வீட்டை விட்டு ஓடிவந்த பத்தொன்பது வயசுப் பையன்.

1869-ல் தேர்வு முடிவு வந்தது. மூன்று பேரும் பாஸ். பம்பாய்ப் பக்கத்திலிருந்து ஸ்ரீபத் பாபாஜி தாகூர் என்று இன்னொருவரும் பாஸ். அதுவரை மொத்தமாகவே ஒரே ஒரு இந்தியர் தேறியிருந்த தேர்வில், ஒரே வருஷத்தில் நான்கு பேர்.

அப்புறம் கமிஷனர்களிடமிருந்து கடிதம். பானர்ஜிக்கும் ஸ்ரீபத் தாகூருக்கும் வயது இடிக்கிறது, பெயரை நீக்குகிறோம் என்று.

கணக்கு இதுதான். பானர்ஜி பிறந்தது 1848 நவம்பர். கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை 1863 கடைசியில் எழுதினார். அதில் வயது 16 என்று பதிவாகியிருந்தது. இங்கிலாந்துக் கணக்கில் 16 என்றால் பதினாறு நிரம்பியவர், அப்படியென்றால் 1847-லோ அதற்கு முன்போ பிறந்தவர். 1869-ல் அவருக்கு 21 தாண்டியிருக்கும். ஆனால் பானர்ஜி வீட்டில் 16 என்று சொன்னதற்கு அர்த்தம் வேறு. பதினாறு நடக்கிறது.

இதை இங்கிலாந்துக்காரருக்கு விளக்க அவர் என்ன பாடு பட்டிருப்பார்னு தெரியலை. நமக்கு விளக்கவே வேண்டாம். எங்க பாட்டிகிட்ட என் வயசைக் கேட்டா ஒரு வருஷம் கூட்டித்தான் சொல்வாங்க. "இருபத்தொம்பது நடக்குது." கேக் வெட்டி முடிச்சாத்தான் வயசு ஏறும்ங்கிறது நம்ம பழைய கணக்கில் கிடையாது. பிறந்த அன்னிக்கே குழந்தைக்கு முதல் வயசு நடக்க ஆரம்பிச்சிடுது. ப்ரோகிராமர் பாஷைல சொன்னா, இங்கிலாந்து பூஜ்யத்துல இருந்து எண்ணுது, நாம ஒண்ணுல இருந்து எண்றோம். உலகத்திலேயே பழைய பக் அது. ஒண்ணு கூடிடும், இல்ல ஒண்ணு குறைஞ்சிடும். அதுல ஒருத்தர் வேலை போச்சு.

பானர்ஜி விடவில்லை. லண்டனில் குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்துக்குப் போனார். எங்கள் ஊரில் வயதை இப்படித்தான் சொல்வோம் என்று கல்கத்தாப் பெரியவர்கள் பிரமாணப் பத்திரங்கள் எழுதிக்கொடுத்தார்கள். நீதிமன்றம் கமிஷனர்களைப் பதில் சொல்லச் சொன்னது. பெயர் பட்டியலுக்குத் திரும்பியது. 1871-ல் சில்ஹெட்டில் உதவி மாஜிஸ்திரேட். அண்ணன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னப்ப, "பிரமாணப் பத்திரத்தை ஏத்துக்கிட்டாங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

ஜெயித்த கதையாக இது முடியவில்லை. ஒரு வழக்குக் கோப்பில் நடந்த தவறுக்காக 1874-ல் பானர்ஜியை வேலையிலிருந்தே நீக்கினார்கள். அந்த மாதிரித் தவறுக்கு ஒரு இளம் ஆங்கிலேய அதிகாரியைக் கண்டித்து விட்டிருப்பார்கள் என்பது அன்றே பலர் சொன்னது. மறுபடி லண்டன் போய் முறையிட்டார், பலிக்கவில்லை. அரசு ஊழியராக இருந்தவர் என்பதால் பாரிஸ்டர் ஆகவும் விடவில்லை. கல்கத்தா திரும்பி வாத்தியார் ஆனார்.

1876-ல் இந்தியாவுக்கான மந்திரி சாலிஸ்பரி பிரபு ஒரு மாற்றத்தை அறிவித்தார். வயது வரம்பு 21 இல்லை, இனி 19. அமலுக்கு வந்தது 1878-ல்.

கொஞ்சம் நிதானமா யோசிங்க. 19 வயதுக்குள் ஒரு கல்கத்தாப் பையனோ கும்பகோணத்துப் பையனோ பள்ளி முடித்து, லண்டன் போய், லத்தீனிலும் கிரேக்கத்திலும் இங்கிலாந்துப் பையனை முந்த வேண்டும். அதாவது பதினைந்து பதினாறு வயதில் கப்பல் ஏற வேண்டும். எந்த விதியிலும் 'இந்தியர் கூடாது' என்று ஒரு சொல் கிடையாது. ஒரு எண்ணை மட்டும் மாற்றினார்கள். அந்தக் காலத்து வைஸ்ராய் லிட்டன் பிரபு ரகசியக் குறிப்பு ஒன்றில் இதை ஒப்புக்கொண்டே எழுதியிருக்கிறார்: இந்தியர்களை வெளிப்படையாகத் தடுப்பதா, ஏமாற்றுவதா என்ற இரண்டு வழிகள் இருந்தன, நேர்மை குறைந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டோம் என்ற பொருளில். நான் எழுதுற கோடுல ஒரு வேலிடேஷன் போட்டா, அது யாரைத் தடுக்கும்னு எனக்குத் தெரியும். தெரியலைன்னு சொன்னா அது பொய், இல்லைன்னா நான் மோசமான எஞ்சினியர். லிட்டனுக்குத் தெரிஞ்சிருக்கு.

இந்த 19-தான் பானர்ஜியை ஊர் ஊராகக் கிளப்பியது. 1876-ல் அவரும் நண்பர்களும் தொடங்கிய இந்தியன் அசோசியேஷன் சார்பில், 1877-லும் 78-லும் லாகூர் வரை வடக்கே, பம்பாய், மதராஸ் வரை இந்தப் பக்கம் என்று ரயிலில் சுற்றிப் பேசினார். இரண்டே கோரிக்கைகள்: வயதை ஏற்று, தேர்வை இந்தியாவிலும் வை. வெவ்வேறு மாகாணங்களில் படித்தவர்கள் ஒரே விஷயத்துக்காக ஒன்றாகக் கையெழுத்துப் போட்ட முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று. 1885-ல் காங்கிரஸின் முதல் மாநாட்டிலும் இதே கோரிக்கை தீர்மானமானது. நாட்டு விடுதலைப் போராட்டத்தின் வேர்களில் ஒன்று அப்ளிகேஷன் ஃபார்ம்ல ஒரு கட்டம்னு பள்ளிக்கூடத்துல யாரும் எனக்குச் சொல்லித் தரலை.

1892-ல் வயது மறுபடி 23 ஆனது. 1893-ல் தேர்வை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் மக்களவையில் தீர்மானமே நிறைவேறியது. இங்கிருந்த அரசுகளிடம் கருத்துக் கேட்டார்கள். ஆதரித்தது ஒரே ஒரு மாகாணம், மதராஸ். மற்ற எல்லாம் எதிர்ப்பு. தீர்மானம் அலமாரிக்குப் போனது. கடைசியில் 1922-ல்தான் அலகாபாத்தில் தேர்வு நடந்தது. முதல் தேர்வுக்குப் பிறகு 67 வருஷம்.

இங்கே நிறுத்தினால் நல்ல தேசபக்திக் கதை. ஆனா மதராஸுக்குள்ள நடந்ததைப் பார்க்காம விட்டா நான் பாதிக் கதை சொன்னவன் ஆயிடுவேன்.

1892 முதல் 1904 வரை மதராஸ் மாகாண சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு நடந்தது, நம்ம ஊரிலேயே. அதில் தேறியவர்கள் மொத்தம் 16 பேர். 15 பேர் பிராமணர்கள். உதவிப் பொறியாளர் தேர்வில் ஏறத்தாழ இருபது வருஷத்தில் 17 பிராமணர், 4 பேர் மற்ற எல்லாரும். இந்தக் கணக்கை 1913-ல் அலெக்சாண்டர் கார்டியூ என்ற அதிகாரி ராயல் கமிஷன் முன் சொன்னார். 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை இந்த எண்களைத்தான் முன்னால் வைத்தது. அறிக்கையை நான் ஒரு அரசியல் வீராவேசப் பேச்சா இருக்கும்னு நினைச்சுத் திறந்தேன். பாதிக்கு மேல புள்ளிவிவரம். அது ஒரு டேஷ்போர்டு.

மெக்காலேயின் வாதத்துக்கு லண்டனில் எது நடந்ததோ அதேதான் இங்கேயும் நடந்தது. விடைத்தாள் யார் பெயரையும் பார்ப்பதில்லை, உண்மை. ஆனால் யார் வீட்டில் இரண்டு தலைமுறையாக இங்கிலீஷ் இருக்கிறதோ, யார் வீட்டில் பையனை இருபது வயது வரை சம்பாதிக்காமல் படிக்க வைக்க முடிகிறதோ, அவர்தான் அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார். லண்டனில் வெளியே நின்றவர்களில் சிலர் மதராஸில் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வரும். எனக்கு ரெண்டு பக்கமும் நண்பர்கள் இருக்காங்க, ஆனா 16-ல் 15-ங்கிற கணக்கை வேற எப்படிப் படிக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.

1921-ல் நீதிக்கட்சி அரசு முதல் வகுப்புவாரி ஆணையைப் போட்டது. பிறகு வந்த ஆணையில் ஒரு சுழற்சி முறை: 12 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு 1. 1929-ல் மதராஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றித் தனக்கென ஒரு சர்வீஸ் கமிஷனை அமைத்தது. மாகாணங்களில் முதலில் அமைந்தது அதுதான். அண்ணன் இப்ப போட்டோ அனுப்பிக்கிட்டிருக்கிற டிஎன்பிஎஸ்சியோட பாட்டன் அது. 1970-ல் இன்றைய பெயர் வந்தது.

1951-ல் இந்த ஆணை உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கு எல்லாருக்கும் தெரியும், அது கல்லூரி இடம் பற்றியது. அதே நாள் இன்னொரு தீர்ப்பும் வந்தது, வெங்கடரமணா வழக்கு. அது வேலை விண்ணப்பம் பற்றியது. 83 மாவட்ட முன்சீப் இடங்கள். பங்கு: ஆதிதிராவிடர் 19, முஸ்லிம்கள் 5, கிறிஸ்தவர்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 10, பிராமணரல்லாத இந்துக்கள் 32, பிராமணர்கள் 11. ஆதிதிராவிடருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒதுக்கியது அரசமைப்புப்படி சரி, மற்றவர்களையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்தது தவறு என்றது நீதிமன்றம். செண்பகம் தீர்ப்புக்கு எதிராகத் தமிழ்நாட்டில் எழுந்த போராட்டம் முதல் அரசமைப்புத் திருத்தம் வரை போனது. அதை முன்பே ஒரு எபிசோடில் பேசியிருக்கிறோம், திரும்பப் பேசலை.

வயசு, சமூகம், இரண்டு கட்டம் பார்த்தாச்சு. ஃபார்மில் இன்னொரு கட்டம் இருக்கு. திருமணமானவரா?

சுதந்திரத்துக்கு முன் ஐசிஎஸ்-ல் பெண் ஒருவர்கூட இல்லை. சி. பி. முத்தம்மா குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். நேர்காணலிலேயே அவரை அந்தப் பணி வேண்டாம் என்று மனம் மாற்றப் பார்த்தார்கள். சேரும்போது, கல்யாணம் ஆனால் ராஜினாமா செய்வேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஐஏஎஸ்-ல் முதல் பெண்களில் ஒருவரான அன்னா ராஜம் ஜார்ஜ், 1951 தேர்வு. அவருடைய நியமன ஆணையிலும் அதே நிபந்தனை. அவர் கேட்டு வாங்கியது மதராஸ் மாகாணம். முதலமைச்சராக இருந்த ராஜாஜிக்கு ஒரு பெண்ணைச் சப்-கலெக்டராக அனுப்பத் தயக்கம், தலைமைச் செயலகத்தில் ஏதாவது வேலை தரலாம் என்றார். குதிரையேற்றம், துப்பாக்கி, எல்லாப் பயிற்சியும் முடித்தவர் அவர். வாதாடித்தான் சப்-கலெக்டர் பதவி வாங்கினார்.

முத்தம்மா முப்பது வருஷம் வேலை பார்த்த பிறகு, பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். 1979 தீர்ப்பு, நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடி. ஆனால் கல்யாணத்துக்கு அனுமதி வாங்கச் சொல்லும் விதியை அவர் விடவில்லை. குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கும் என்றால் அது ஆணுக்கும் பொருந்தாதா என்று கேட்டார்.

ஒரு சின்னத் திசைதிருப்பல். உத்திரமேரூர் கல்வெட்டு தெரியும்ல, பராந்தகச் சோழன் காலம், குடவோலை. கி.பி. 921 கல்வெட்டில் ஊர் வாரியத்துக்கு நிற்க வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். இரண்டு வருஷம் முந்தின கல்வெட்டில் 30 முதல் 60 என்று இருந்ததை மாற்றியிருக்கிறார்கள். (அதுவும் எல்லாருக்கும் திறந்த கதவில்லை, நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் கேட்டார்கள், பிராமணர் ஊர்ச் சபை அது.) அண்ணன்கிட்ட சொன்னேன், "அண்ணா, சோழர் காலமா இருந்தா உங்களுக்கு இப்பதான் எலிஜிபிலிட்டியே ஆரம்பிக்குது." சிரிச்சார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சார்.

வயசு வரம்பே தப்புன்னு நான் சொல்ல வரலை. முப்பத்தஞ்சு வரைக்கும் அண்ணா நகர்ல ஒரு பத்துக்குப் பத்து ரூம்ல படிச்சிக்கிட்டே இருந்தவங்களை நான் பார்த்திருக்கேன், ஏதோ ஒரு இடத்துல கோடு வேணும்னு எனக்கும் தோணும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும்ங்கிற விதியும் புரியுது. இல்லைன்னா லட்சக்கணக்கான ஜாதகத்தை யார் சரிபார்க்கிறது? ஆனா பானர்ஜிக்காவது அவர் பக்கத்தைக் கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது. அண்ணன் வக்கீலைப் பார்த்தார். தேதியை மாத்தறதா இருந்தா பள்ளி முடிச்ச கையோட மாத்தியிருக்கணும், இவ்வளவு வருஷம் கழிச்சு, அதுவும் வயசு வரம்பு வந்தப்புறம் போனா யாரும் நம்ப மாட்டாங்கன்னு சொல்லி அனுப்பிட்டார். பெரியம்மா இன்னிக்கும் பிறந்த நாள் பாயசம் செப்டம்பர்லதான் வைப்பாங்க.

சரி, அந்த ராத்திரிக்கு வர்றேன். போட்டோவை 42 கேபிக்குச் சுருக்கி அனுப்பினேன். கையெழுத்தையும் அனுப்பினார், அதையும் வெட்டிக் கொடுத்தேன். டிஎன்பிஎஸ்சி குரூப் 2-ல் பட்டதாரிகளில் இவர் பிரிவுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, அதனால தேதி இந்தத் தடவை எதையும் தீர்மானிக்கப் போறதில்லை. ஸ்க்ரீனை ஷேர் பண்ணியிருந்தார். ஒவ்வொரு கட்டமா நிரப்பிக்கிட்டே வந்தார். பிறந்த தேதி வந்துச்சு. நான் அவர் கர்சரையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஒரு நொடிகூட நிறுத்தலை. 10, ஜூன். அடுத்த கட்டத்துக்குப் போயிட்டார். அப்புறம் கேட்டார், "டேய், பாப்பாவை அடுத்த வருஷம் ஸ்கூல்ல சேர்க்கணும்ல. அவ ஆகஸ்ட்ல பிறந்தவ. பர்த் சர்டிபிகேட்டை நல்லா ஸ்கேன் பண்ணி வெச்சுக்கணும், ஒரு காப்பி உன்கிட்டயும் இருக்கட்டும்."

பிடிஎஃப் வந்துச்சு. மூணு எம்பி. சுருக்காம அப்படியே வெச்சிருக்கேன்.